எழுத்தாளர் மறைந்த வீட்டில் செய்யக்கூடாதவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பேர்பெற்ற எழுத்தாளர் ஒருவர் காலமானால், கருமாதி முடிந்த கையோடு அவர் அறையை ஒழிக்கக் கிளம்பிவிடுகிறோம். பெரிய நஷ்டம் அங்கேதான். அச்சான புத்தகம் எங்காவது கிடைத்துவிடும். அடித்துத் திருத்திய கைப்பிரதியும், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் கிறுக்கிய நாலு வரியும் உலகத்திலேயே ஒன்றுதான். அடுக்கைக்கூடக் கலைக்காதீர்கள். எந்தக் கடிதம் எந்தக் கோப்பில் இருந்தது என்பதே ஆய்வாளருக்குத் தகவல். முதலில் இருந்தது இருந்தபடி படம் எடுங்கள்.

கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டாதீர்கள். பசை பழுப்பேறி எழுத்தையே கெடுத்துவிடும். லேமினேஷன் அதைவிட மோசம். இங்குள்ள கடற்காற்றில் குண்டூசியும் கிளிப்பும் துருப்பிடித்துத் தாளில் கறை இறக்கும், அவற்றை மெதுவாகக் கழற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி கராஜில் போட்டால் பூஞ்சை நிச்சயம்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதும் ஆபத்து. 1985 ஆகஸ்டில் டர்பனை ஒட்டிய இனாண்டாவில் நடந்த கலவரத்தில், காந்தி அமைத்த பீனிக்ஸ் குடியிருப்பே எரிந்தது. தென்னாப்பிரிக்க நாவலாசிரியர் ஆலன் பேட்டன் 1988இல் இறந்தபோது அவர் மனைவி படிப்பறைப் பொருட்களைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் பேட்டன் பெயரில் ஆவண மையம் உருவானது. நம் குடும்பங்களும் இப்படிச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

காகிதம் வேறு, பதிப்புரிமை வேறு. பெட்டிகளை நூலகத்துக்குக் கொடுத்தாலும், எழுதித் தராதவரை உரிமை குடும்பத்திடமே இருக்கும். தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தாளர் வாழும்போதே வெளியான எழுத்துக்கு அவர் இறந்த ஆண்டு முடிவிலிருந்து 50 ஆண்டு பாதுகாப்பு உண்டு. பேட்டனுக்கு 2038 முடியும்வரை. இந்தியாவின் 60 ஆண்டுக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்காதீர்கள்.

உயிலில் வீடு யாருக்கு, நகை யாருக்கு என்று எழுதுகிறவர்கள் இந்த உரிமையை மறந்துவிடுகிறார்கள். அது நாலு பிள்ளைகளுக்கும் பங்காகப் போய், ஒருவர் வெளிநாட்டில், இருவருக்குள் பேச்சே இல்லை என்றால், மறுபதிப்பு கேட்டு வரும் பதிப்பகம் கையெழுத்து திரட்ட முடியாமல் திரும்பிப் போகும். வருமானத்தை எல்லோரும் பிரித்துக்கொள்ளட்டும். முடிவெடுக்கும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கட்டும்.

சரி, பதிப்பகம் வந்துவிட்டது. "தாத்தா புத்தகம் வந்தால் போதும்" என்ற பாசத்தில் மொத்த உரிமையையும் எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். இந்தப் பதிப்பு, இந்த மொழி, இத்தனை வருடம் என்று எல்லை கட்டிய அனுமதி போதும்.

மற்றவர்கள் அவருக்கு எழுதிய கடிதங்களில் தாள் மட்டுமே உங்களுடையது. அச்சில் போட, எழுதியவரையோ அவர் வாரிசுகளையோ கேட்க வேண்டும்.