பிரேக் பெடல் கால் வைத்தால் நிற்காமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறதா?
இந்தக் குறை தெரிந்தால் வண்டியை ரோட்டில் எடுக்கவே வேண்டாம், தயவுசெய்து. நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிஷம் மிதித்துப் பிடியுங்கள். பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால், அந்த நொடியில் கொஞ்சம் இறங்குவதில் பயமில்லை, பூஸ்டர் (மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பாகம்) வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்புறமும் மெல்ல மெல்லக் கீழே போனால், சக்கரங்களின் உட்புறம், ஹோஸ், பூஸ்டரோடு மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை லைனுக்குள் தள்ளும் பாகம்) சேரும் இடம் எல்லாவற்றிலும் பிரேக் ஆயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எங்கும் ஈரமில்லை, வண்டியின் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயிலும் குறையவில்லை என்றால் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் போயிருக்கும், மாற்றத்தான் வேண்டும். இரண்டு மூன்று தடவை மிதித்ததும் பெடல் கெட்டியானால் லைனில் காற்று இருக்கலாம், ஏர் எடுத்தால், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றினால், சரியாகிவிடும். ஊற்றும் பிரேக் ஆயில், வண்டியின் ஆயில் டப்பா மூடியில் போட்டிருக்கும் ரகமாக, புதிதாகப் பிரித்ததாக இருக்கட்டும். திறந்து வைத்த ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும்.