லைஃப்டைம் வாரண்டின்னு போட்டிருந்தா கண்ண மூடிட்டு வாங்கிடாதீங்க

அமெரிக்கால வீடு வாங்கின நம்மாளுங்க முதல்ல செய்ற வேலையே ஒரு பெரிய டூல் செட் வாங்குறதுதான், அதுவும் தேங்க்ஸ்கிவிங் சேல்ல. பெட்டி மேல 230 பீஸ், லைஃப்டைம் வாரண்டின்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான், அப்பறம் என்ன, பேரன் காலம் வரைக்கும் கவலையில்லன்னு தூக்கி வண்டில வச்சிருவோம்.

முதல்ல அந்த பீஸ் கணக்க பாருங்க. பாதிக்கு பாதி ஸ்க்ரூ பிட்டும் ஆலன் கீயும்தான் இருக்கும், மிச்சம் இருக்குற சாக்கெட்லயும் (நட்டு, போல்ட் மேல மாட்டித் திருப்புற குழல்) பாதிக்கு அளவு இன்ச் கணக்குல இருக்கும். நீங்க ஓட்டுறது கேம்ரி, அக்கார்டு மாதிரி ஜப்பான் காருன்னா இன்ச் சாக்கெட்ட வச்சுட்டு வேடிக்கைதான் பாக்கணும், எல்லாமே மில்லிமீட்டர். 8, 10, 12, 14, 17, 19 இருந்தா முக்கால்வாசி வேலை முடிஞ்சிரும், டொயோட்டா வீல் நட்டுக்கு மட்டும் 21 தனியா வாங்கிக்கலாம். 3/8 டிரைவ்ல, அதாவது கைப்பிடிய மாட்டுற சதுர ஓட்டை 3/8 இன்ச் இருக்குறதுல, நடுவுல சைஸ் விடாத ஒரு மெட்ரிக் (மில்லிமீட்டர்) செட் போதும். சாக்கெட்டுக்குள்ள எட்டிப் பாத்து ஆறு மூலை இருக்குறதா எடுங்க, 12 மூலைல துருப்பிடிச்ச போல்ட்ட திருப்புனா தலை வழிச்சுக்கிட்டு வரும். ராட்செட்ல, அதான் சாக்கெட்ட மாட்டி முன்னும் பின்னும் அசைச்சே திருப்புற கைப்பிடில, பல்லு எத்தனைன்னும் பாருங்க, 72 பல்லுன்னா 5 டிகிரி அசைச்சாலே அடுத்த பல்லுல பிடிக்கும், இன்ஜின் சந்துல கைய விட்டு வேலை செய்யும்போதுதான் அதோட அருமை தெரியும்.

இப்ப வாரண்டிக்கு வருவோம். லைஃப்டைம்னா யாரோட லைஃப்? உங்களுதா, டூலுதா, முதல்ல காசு குடுத்து வாங்கினவருதா? விளம்பரத்துல லைஃப்டைம்னு போட்டா யாரோட ஆயுசுன்னு சொல்லணும்னு இங்க எஃப்டிசி (வியாபாரத்துல ஏமாத்துறத கவனிக்கிற அரசு அமைப்பு) வழிகாட்டியே இருக்கு, ஆனா அது பொடி எழுத்துல எங்கயோ கெடக்கும், நாமதான் தேடிப் படிக்கணும். முதல்ல வாங்கினவருக்கு மட்டும்னு இருந்தா கராஜ் சேல்ல வாங்கின ஸ்பேனருக்கு அது செல்லாது. லிமிடெட்னு ஒரு வார்த்தை முன்னாடி ஒட்டியிருந்தா இன்னும் உஷாரா படிக்கணும், தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான்னு சொல்லிட்டு உடைச்சது நீதானேன்னு கைய விரிச்சிடலாம்.

அதவிட முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு, அத யாரும் கேக்குறதில்ல: உடைஞ்சா எங்க கொண்டு போய் மாத்துறது? ஹோம் டிப்போல ஹஸ்கி, லோஸ்ல கோபால்ட், ஹார்பர் ஃப்ரைட்ல பிட்ஸ்பர்க், இதெல்லாம் அந்தந்த கடையோட சொந்த பிராண்டு, வீட்டுக்கு பக்கத்துலயே கவுண்டர் இருக்கு. அதே நேரம் ஸ்னாப்-ஆன் மாதிரி வேன்ல வந்து மெக்கானிக் ஷாப்புக்கு விக்கிற பிராண்டுன்னா அந்த வேன் உங்க வீட்டு வாசலுக்கு வராது, நீங்கதான் அது எந்த தெருவுல நிக்குதுன்னு தேடிட்டு அலையணும். ஆன்லைன்ல பேரு தெரியாத பிராண்டுன்னா சொல்லவே வேணாம், 15 டாலர் பிளையர அனுப்ப 10 டாலர் தபால் செலவு, யாரு பண்ணுவா?

கிராஃப்ட்ஸ்மேன் டூல் கதை தெரியும்ல? 1927லேருந்து சியர்ஸ்ங்கிற பெரிய கடையோட பிராண்டு, உடைஞ்ச ஸ்பேனர கவுண்டர்ல வச்சா கேள்வி கேக்காம புதுசு குடுப்பாங்கன்னு ஊரெல்லாம் பேரு. 2017ல பிராண்டு ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர்ங்கிற டூல் கம்பெனி கைக்கு போச்சு, 2018ல சியர்ஸே திவால். வாரண்டி காகிதத்துல இருந்துச்சு, பழக்கப்பட்ட கவுண்டர்தான் ஒவ்வொண்ணா மூடிட்டே வந்துச்சு. அதனால என்னோட கணக்கு ரொம்ப சிம்பிள், லைஃப்டைம்ங்கிற வார்த்தைக்காக ஒரு டாலர் கூட அதிகமா குடுக்க மாட்டேன், பக்கத்துல மாத்தித் தர்ற கடை இருக்கான்னு பாத்து அதுக்கு வேணா குடுப்பேன்.

எதுக்கு வாரண்டி வராதுன்னும் தெரிஞ்சுக்கோங்க. டார்க் ரென்ச்சுக்கு (போல்ட்ட எவ்வளவு இறுக்கணும்னு அளந்து இறுக்குறது) பெரும்பாலும் தனி கணக்கு, ரொம்ப குறைஞ்ச காலம்தான். பிட், ஹேக்ஸா பிளேடு மாதிரி தேயிற சாமானையும் நிறைய பேரு சேக்க மாட்டாங்க. தொலைஞ்சு போன 10 எம்எம் சாக்கெட்டுக்கு எந்த கம்பெனியும் பொறுப்பில்ல (எங்கதான் போகுதோ அது). ஸ்பேனர் கைப்பிடில பைப்ப சொருகி ஏறி மிதிச்சது, ஸ்க்ரூ டிரைவர உளியா வச்சு சுத்தியலால அடிச்சது எல்லாம் தப்பான உபயோகம்னு தள்ளிடலாம். பளபளன்னு இருக்குற குரோம் சாக்கெட்ட இம்பாக்ட் ரென்ச்சுல (அடிச்சு அடிச்சு திருப்புற மெஷின்) மாட்டவே மாட்டாதீங்க, அது வெடிச்சு சில்லு தெறிச்சா கண்ணுக்கு ஆபத்து, வாரண்டியெல்லாம் அப்பறம். அதுக்குன்னு கருப்பு சாக்கெட் தனியா விக்கிறாங்க.

மாத்தப் போகும்போது செய்ற தப்பு, ரிட்டர்ன்னு சொல்றது. ரிட்டர்ன்னா பில்லு எங்க, 90 நாள் ஆச்சேன்னு பேச்சு வேற பக்கம் போயிடும். வாரண்டி எக்ஸ்சேஞ்ச்னு சொல்லுங்க, அதே மாடல் ஷெல்ஃப்ல இருந்தா கையோட எடுத்துட்டு போனா இன்னும் சுலபம். செட்ல ஒரு சாக்கெட் விரிசல் விட்டா முழு செட்ட எதிர்பாக்காதீங்க, அந்த ஒண்ணத்தான் குடுப்பாங்க. ராட்செட்டுன்னா சில பிராண்டுல புதுசு குடுக்காம உள்ள மாத்துற பல்சக்கர ரிப்பேர் கிட் ஒண்ண நீட்டுவாங்க, அதையும் வாங்கிக்கோங்க, ரெண்டு ஸ்க்ரூ கழட்டி மாட்டுற வேலைதான். பில்லு கேக்குற பிராண்டுன்னா வாங்கின அன்னிக்கே போட்டோ எடுத்து வச்சிருங்க, அந்த காகிதத்துல எழுத்து ரெண்டு வருஷம் கூட தாங்காது.

ஊருக்கு போகும்போது சித்தப்பா கேட்டாருன்னு செட்ட பெட்டில போட்டு எடுத்துட்டு போறதும் உண்டு. அங்க மாத்தித் தர கடை கிடையாது, வெயிட்டுதான் மிச்சம். அவருக்கு ஊர்லயே டபாரியாங்கிற நம்ம ஊர் பிராண்ட வாங்கிக் குடுங்க, நல்ல சாமான், எந்த ஹார்ட்வேர் கடையிலயும் கிடைக்கும். இல்ல எடுத்துட்டுத்தான் போவேன்னா செக்-இன் பெட்டில போடுங்க, 7 இன்ச்சுக்கு மேல நீளமா இருக்குற ஸ்பேனர் கைப்பைல இருந்தா செக்யூரிட்டில எடுத்து வச்சிடுவாங்க.