பூட் மெனுவில் வராத விர்ச்சுவல் டிரைவ்: என் அனுபவம்

கேவிஎம் சுவிட்ச் (ஒரே கீபோர்டு, திரை, மவுஸால் பல கணினிகளை இயக்க உதவும் கருவி) வழியாக ஒரு பழைய சர்வரில் லினக்ஸ் நிறுவ வேண்டியிருந்தது. ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் நகல்) விர்ச்சுவல் மீடியாவாக, அதாவது சர்வரில் செருகிய டிரைவ் போலத் தெரியும்படி கேவிஎம் வழியே இணைத்தால் "இணைந்தது" என்றே காட்டியது. ஆனால் சர்வரின் பூட் மெனுவில், அதாவது எதிலிருந்து துவங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலில், அந்த டிரைவ் வரவே இல்லை. பல நாள் இதிலேயே போனது.

முதலில் கேபிள் மேல்தான் சந்தேகம். நடுவில் கேபிள்களை இணைக்கும் பேட்ச் பேனலைத் தவிர்த்து, கேவிஎம் சுவிட்சிலிருந்து சர்வரில் செருகும் அடாப்டருக்கு நேராக ஒரு கேட்6 கேபிள் போட்டேன். பலனில்லை. (இதில் ஓடுவது ஈதர்நெட் சிக்னல் அல்ல, நடுவில் நெட்வொர்க் சுவிட்சை வைக்கவே கூடாது.) அடாப்டர் பிஎஸ்/2 (பழைய கீபோர்டு, மவுஸ் இணைப்பு) வகையாக இருந்தால் விர்ச்சுவல் மீடியா வராது, என்னுடையது யூஎஸ்பிதான். ஐஎஸ்ஓவையும் மாற்றிப் பார்த்தாயிற்று.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. சர்வரின் ஹார்ட் டிஸ்கில் இருந்த பழைய இயங்குதளம் ஏறிய பிறகு அதே டிரைவ் ஒழுங்காகத் தெரிந்தது. பயாஸில் (இயங்குதளத்துக்கு முன் சர்வரைத் துவக்கும் மென்பொருள்) மட்டும் இல்லை. கீபோர்டு பயாஸ், இயங்குதளம் இரண்டிலும் வேலை செய்ததால் யூஎஸ்பியை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

ஆனால் காரணம் யூஎஸ்பி வேகம்தான். அடாப்டர் 480 எம்பிபிஎஸ் (நொடிக்கு 480 மெகாபிட்) வேகத்தில் தன்னை அறிவித்துக்கொண்டிருந்தது. அந்த பயாஸுக்கு அது பிடிபடவில்லை. கேவிஎம்மின் போர்ட் அமைப்பில் விர்ச்சுவல் மீடியாவை ஃபுல் ஸ்பீடுக்கு, அதாவது 12 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கி, சர்வரை மறுபடி துவக்கினேன். டிரைவ் பூட் மெனுவில் வந்துவிட்டது. அப்பாடா!

இந்த வேகத்தில் 1 ஜிபி படிக்கவே 11 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால் துவக்கத்துக்குத் தேவையானதை மட்டும் கொண்ட சிறிய நெட்இன்ஸ்டால் ஐஎஸ்ஓவில் துவக்கி, மீதியை நெட்வொர்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.