எழுத வரும் குழந்தையை நாம் எப்படி விரட்டுகிறோம்

விஜயதசமி அன்று வடபழனி முருகன் கோயிலில் பிள்ளையை மடியில் உட்காரவைத்து, தட்டில் பரப்பிய அரிசியில் விரல் பிடித்து 'அ' எழுதவைப்பார்கள். மறுநாளே கையில் பென்சிலும் நான்கு கோடு நோட்டும் ஏறிவிடும். முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. பிறக்கும்போது குழந்தையின் மணிக்கட்டில் இருப்பது வெறும் குருத்தெலும்பு. அங்குள்ள எட்டுச் சிறு எலும்புகளும் ஒவ்வொன்றாக உருவாகி முடியப் பத்து வயதை ஒட்டிவிடும். மூன்று வயதில் பெரும்பாலும் பாதிகூட இருக்காது. அந்தக் கையிடம் கோட்டைத் தாண்டாமல் ஒரு பக்கம் எழுது என்றால் அது சீக்கிரமே சோர்ந்துபோகும்.

நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதித்தான் பழகினார்கள். 1789-இல் எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் இதைப் பார்த்துவிட்டுத் தம் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். மூத்த பிள்ளைகளே இளையவர்களுக்குக் கற்பிக்கும் அவருடைய 'மெட்ராஸ் முறை'யோடு சேர்ந்து இந்த மணலும் இங்கிலாந்துக்குப் போனது. சீமைக்குப் போன மணலுக்குச் சென்னையின் எல்.கே.ஜி. வகுப்பில் இடமில்லை! மணலில் பிழை வந்தால் ஒரு தடவு தடவினால் போதும். நோட்டில் அழித்து அழித்துத் தாள் கிழிந்தால் வகுப்பில் திட்டு விழும்.

பக்கத்து ஃபிளாட் பிள்ளை வாக்கியமே எழுதுகிறதே என்று ஒப்பிடுவதும் வேண்டாம். 2022-இல் அரசுப் பள்ளிகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், ஒரே வகுப்புப் பிள்ளைகளையே அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் கற்பிக்கிறது. இம்போசிஷனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பேசியதற்குத் தண்டனையாக ஐம்பது முறை எழுதியவனுக்கு எழுத்து எப்படி இனிக்கும்?

இவற்றையெல்லாம் விடப் பெரிய தவறு, பிள்ளை எழுதியதை வாசிக்காமலே திருத்துவது. ஆறு வயதுக் குழந்தை காலண்டர் தாளின் பின்பக்கத்தில், 'அம்மா நாலைக்கு மளை வந்தா லீவு. நா பஜ்ஜி சாப்டுவேன்' என்று எழுதி நீட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் கண் நேராக 'மளை'யில் போய் நிற்கும். பேனா எடுத்துச் சுழித்து, மூன்று முறை எழுது என்போம். அந்தத் தாளை இன்னொரு முறை பாருங்கள். நாளை நடக்கப்போவதை ஊகித்து, அதற்கு ஒரு நிபந்தனை வைத்து, கலெக்டர் விடுமுறை அறிவிப்பார் என்ற சென்னை அனுபவத்தையும் நம்பி, கடைசியில் தன் கோரிக்கையையும் சாமர்த்தியமாகச் செருகியிருக்கிறது குழந்தை. 'மளை' என்பதுகூடக் கவனக்குறைவு இல்லை. வீட்டில் 'ழ' எப்படிக் காதில் விழுகிறதோ, அப்படியே எழுத்தில் இறங்கியிருக்கிறது. 'பஜ்ஜிக்கு வாழைக்காயா, வெங்காயமா?' என்று கேட்டால் அடுத்த தாள் தானாக வரும். நீங்கள் எழுதும் பதிலில் 'மழை' சரியாக இருந்தால் போதும், ஓரிரு மாதத்தில் பிள்ளையே பிடித்துக்கொள்ளும். பிழையைத் திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு வகுப்பும் தேர்வும் இருக்கின்றன. ஆனால் ஆசையாக எழுதி நீட்டிய தாள் விடைத்தாள் இல்லை.

கொஞ்சம் வளர்ந்தபின் கட்டுரை நோட்டு வந்துசேரும். வேளச்சேரியில் நான்காவது மாடியில் வளரும் பிள்ளை, 'எங்கள் ஊரில் பச்சைப் பசேலென வயல்கள் உள்ளன' என்று முன்னுரை எழுதுகிறது. கைடில் அப்படித்தான் இருக்கிறது, மதிப்பெண்ணும் அதற்குத்தான். மழைக்காலத்தில் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துவதைக் கண்ணால் பார்த்த பிள்ளை, அதை எழுதலாம் என்றே அறியாமல் வளர்கிறது. போட்டிக்கு அம்மாவே எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யவைப்பதும் இதே ரகம். பரிசு கிடைக்கும், கூடவே, தன் சொல் போதாது என்ற எண்ணமும் பிள்ளைக்குள் உட்கார்ந்துவிடும்.

யாருக்கு எழுதுகிறோம் என்றே தெரியாமல் எழுதச் சொல்வதும் தவறுதான். மளிகைப் பட்டியல், ஊரிலிருக்கும் தாத்தாவுக்கு அஞ்சலட்டை, ஃபிரிட்ஜ் கதவில் அப்பாவுக்கு ஒரு புகார் என எழுத எத்தனையோ காரணங்கள் உண்டு. வடபழனியிலிருந்து வந்துகொண்டிருந்த அம்புலிமாமா, இரண்டு புகைப்படங்களைப் போட்டு, அவற்றுக்குப் பொருந்தும் சில சொற்களை மட்டும் எழுதி அனுப்பச் சொல்லும். வீட்டிலும் அந்த அளவு போதும். இரண்டு வரி எழுதினால் 'இவ்வளவுதானா?' என்று கேட்காதீர்கள்.

இன்னொன்று. பிள்ளை தனியாக ஒரு டைரி வைத்துக்கொண்டால் அதைத் திறக்காதீர்கள். தப்பித்தவறிக் கண்ணில் பட்டாலும், ஞாயிற்றுக்கிழமை வந்த அத்தைக்கும் மாமாவுக்கும் சிரித்துக்கொண்டே படித்துக் காட்டாதீர்கள். பெருமைக்காகத்தான் படிக்கிறீர்கள் என்பது பிள்ளைக்குத் தெரியாது. அதற்குப் பின் பூட்டு போட்ட டைரி வாங்கிக் கொடுத்தாலும் பயனில்லை.