முழங்கால் குருத்தெலும்புச் சீரமைப்பில் குழியை மட்டும் பார்க்கும் தவறு

மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் ரத்தக்குழாய் இல்லை. காயம் பட்டால் தானாக ஆறாது. இருக்கும் முறைகளில் எளியது மைக்ரோஃபிராக்சர். குருத்தெலும்பு பெயர்ந்து விழுந்த குழிக்கு அடியிலுள்ள எலும்பில் 3–4 மி.மீ. இடைவெளி விட்டுத் துளை போட்டு, மஜ்ஜை ரத்தத்தைக் கசிய வைத்து உறைய விடுவார்கள். “முதலில் இதைப் பார்ப்போம், பலிக்காவிட்டால் செல் சிகிச்சைக்குப் போவோம்” என்ற கணக்குதான் பெரிய தவறு. செல் சிகிச்சை என்பது நோயாளியின் குருத்தெலும்புச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துக் குழியில் வைப்பது. துளை போட்ட எலும்பு இறுகும், மேலே புடைக்கும், சில சமயம் உள்ளே நீர்க்கட்டியும் விழும். அதன்மேல் பிறகு வைக்கும் வளர்ப்புச் செல்கள் தோற்பது ஏறக்குறைய 3 மடங்கு அதிகம் என்று 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. 2017-இல் பிரிட்டனில் சிகிச்சைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பு செல் சிகிச்சைக்கு இசைவு தந்தபோது, குழி 2 ச.செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும், தேய்மானம் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பதோடு, முன்பு குருத்தெலும்புச் சீரமைப்பு நடந்திருக்கக் கூடாது என்றும் சொன்னது.

மைக்ரோஃபிராக்சரே போதும் என்கிற சிறு குழியிலும் கை பிசகும். அடியிலுள்ள சுண்ணாம்பேறிய படலத்தைச் சுரண்டாமல் விட்டால் உறைவு ஒட்டாது. அளவு மீறிச் சுரண்டினால் எலும்பு மேலேறி வளரும். ஓரம் செங்குத்தாக இல்லாவிட்டால் உறைவு நழுவும். எல்லாம் சரியாக நடந்தாலும் முளைப்பது அசல் குருத்தெலும்பு அல்ல, அதைவிட வலுக்குறைந்த நார்க்குருத்து. 2–5 ஆண்டுகளில் பலருக்குப் பலன் மங்குகிறது. எலும்போடு சேர்த்துக் குருத்தெலும்புத் துண்டைப் பதிக்கும் முறையில், துண்டு 1 மி.மீ. துருத்தினாலே அழுத்தம் ஏறிவிடும். சுற்றுப்புறத்தோடு சமமாக நிற்க வேண்டும். தவறினால் இம்மியளவு தாழ்வது மேல்.

கால் வளைந்திருக்கிறதா, எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் தளர்ந்திருக்கிறதா, மூட்டின் இடையே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் இருக்கிறதா என்று பாராமல் குழியை அடைப்பது வீண் செலவு. நின்ற நிலையில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எடுக்கும் எக்ஸ்ரே இல்லாமல் வளைவை அளக்க முடியாது.

எல்லோருக்கும் ஒரே பயிற்சி அட்டவணை தருவது இன்னொரு பிழை. தொடை எலும்பின் எடை தாங்கும் பகுதியில் சீரமைத்தவருக்கு முதல் 6 வாரம் பாரம் ஏற்றக் கூடாது, மூட்டு மட்டும் அசைய வேண்டும். முழங்கால் சில்லில் செய்தவர் பட்டை கட்டிக் காலை நீட்டியபடி நடக்கலாம். பாரத்தோடு மடக்கத்தான் கூடாது.

பின்னாளில் எம்.ஆர்.ஐ.யில் குழி நிரம்பித் தெரிவதும் வலி குறைவதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. சீரமைப்பு பிற்காலத் தேய்மானத்தைத் தடுக்குமா என்பதும் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. முழுக்கத் தேய்ந்த மூட்டில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் குருத்தெலும்பு முளைக்கும் என்ற விளம்பரத்துக்கோ உறுதியான சான்றே இல்லை. ஊசியில் இருப்பது ஆய்வகத்தில் வளர்த்த செல்லா, செறிவாக்கிய மஜ்ஜையா என்று கேளுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.