தர்மாமீட்டரில் 38.6 என்றால் காய்ச்சலா? செல்சியஸ், பாரன்ஹீட் மாற்றும் வழி

போன ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி, மன்னார்குடியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, 38.6தான் காட்டுது. நூறுகூட வரல. ஆனா உடம்பு அனலா கொதிக்குதே!"

தர்மாமீட்டர் சரியாகத்தான் காட்டியது. அது செல்சியஸ், அவள் மனசில் இருந்தது பாரன்ஹீட்.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் உறைவது செல்சியஸில் 0, பாரன்ஹீட்டில் 32. கொதிப்பது 100, 212. ஒரே இடைவெளியைச் செல்சியஸ் 100 படியாகவும் பாரன்ஹீட் 180 படியாகவும் பிரிக்கிறது. அதனால் செல்சியஸின் 5 படி பாரன்ஹீட்டின் 9 படி. மாற்றும் சூத்திரத்தில் (பாரன்ஹீட் = செல்சியஸ் × 9 ÷ 5 + 32) வரும் 9, 5, 32 மூன்றும் இங்கிருந்துதான் வருகின்றன.

செல்சியஸிலிருந்து பாரன்ஹீட்: பேப்பர் வேண்டாம். 38.6-ஐ இரட்டியுங்கள்: 77.2. அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள்: 69.48. அதோடு 32 கூட்டுங்கள்: 101.48. நல்ல காய்ச்சல்தான்.

பாரன்ஹீட்டிலிருந்து செல்சியஸ்: 'வெயில் சதமடித்தது' என்று தமிழ்ப் பத்திரிகைகள் போடுவது பாரன்ஹீட் கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் 104 என்றால், முதலில் 32-ஐக் கழியுங்கள்: 72. ஒன்பதால் வகுத்து (8) ஐந்தால் பெருக்குங்கள்: 40. கழிப்பதைக் கடைசியில் வைத்தால் விடை தப்பிவிடும்.

வித்தியாசத்தை மாற்றும்போது: பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். 'இயல்பைவிட 3 டிகிரி செல்சியஸ் கூடும்' என்று வானிலை அறிக்கை சொன்னால் 32 சேர்க்கவே கூடாது. 1.8-ஆல் (அதாவது 9 ÷ 5) பெருக்கினால் போதும், 5.4 பாரன்ஹீட் கூடும். குறுவை நெல் பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் அதிகமாகும். அப்போது 32-க்கும் 35-க்கும் உள்ள இந்த 3 டிகிரி விவசாயிக்குச் சின்ன விஷயமில்லை.

கெல்வின் என்ற இன்னொரு வெப்ப அளவு பள்ளிப் பாடத்துக்கும் ஆய்வகத்துக்கும்தான். செல்சியஸோடு 273.15 கூட்டுங்கள், முடிந்தது.

மறுநாள் காலை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தவள், தர்மாமீட்டர் டப்பா மூடியில் பிளாஸ்திரி ஒட்டி இப்படி எழுதி வைத்தாள்:

37 – 98.6
38 – 100.4
39 – 102.2
40 – 104

38 வரிக்கு அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு.