புது கேம், மலிவுப் புத்தகம், கேட்ஜெட், சினிமா: ஆர்வக்கோளாறில் செய்யும் தவறுகள்

புதிதாக ஒரு கேம் வருகிறது என்றால் மனசு பரபரக்கத்தான் செய்யும். பாதி விலையில் புத்தகம் என்று பார்த்தால் கை தானாக நீளும். இதில் தப்பே இல்லை. இந்தப் பரபரப்பு இல்லாவிட்டால் பொழுதுபோக்கில் பாதிச் சுவை போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், ஆர்வம் உச்சியில் இருக்கும் நேரத்தில்தான் அந்தப் பொருளைப் பற்றி நமக்குக் குறைவாகத் தெரிந்திருக்கும். டிரெய்லர் வந்திருக்கும், கேமை யாரும் விளையாடியிருக்க மாட்டார்கள். போனின் படம் வந்திருக்கும், அதன் பேட்டரி ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. விற்பவர்கள் காசு கேட்பது சரியாக அந்த நேரத்தில்தான். நாம் செய்யும் தவறுகளில் பாதி இங்கிருந்து கிளம்புபவை.

முன்பதிவு அவசரம்

கேம்கள் பெட்டியில் மட்டும் விற்ற காலத்தில் ப்ரீ ஆர்டருக்கு அர்த்தம் இருந்தது. கடையில் சரக்கு தீர்ந்துபோகலாம். டவுன்லோடு எப்படித் தீரும்? ஆனாலும் முன்பதிவு பட்டன் அப்படியே இருக்கிறது, கூடவே ஓர் இலவசம்: கதாநாயகனுக்கு ஒரு விசேஷ உடை, ஒரு வாள், இரண்டு நாள் முன்னதாக விளையாடும் அனுமதி. அந்த வாளைவிட நல்ல வாள் பெரும்பாலும் கேமின் முதல் சில மணி நேரத்திலேயே கிடைத்துவிடும்.

இதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் சைபர்பங்க் 2077. 2020 டிசம்பர் 10 அன்று வெளியானது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குத் தரப்பட்டது கம்ப்யூட்டர் பதிப்பு மட்டும்தான். அதை வைத்து எழுதிய நல்ல ரிவ்யூக்களைப் பார்த்துவிட்டு, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருந்தவர்களும் காசு கட்டினார்கள். அவர்கள் கைக்கு வந்தது அடிக்கடி நின்றுபோகிற, முகங்கள் கலங்கித் தெரிகிற ஒரு கேம். எட்டே நாளில் சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. மறுபடி வந்தது 2021 ஜூனில். அதன்பிறகு பேட்ச் (குறைகளைச் சரிசெய்யும் திருத்தம்) மேல் பேட்ச் போட்டு, இன்று பலரும் ரசித்து விளையாடும் கேமாக அது மாறிவிட்டது. 2016 ஆகஸ்டில் வந்த நோ மேன்ஸ் ஸ்கை கதையும் கிட்டத்தட்ட இதேதான். பொறுத்திருந்து வாங்கியவர் குறைந்த விலையில் நல்ல கேமை விளையாடினார், முதல் நாளே வாங்கியவர் முழு விலை கொடுத்துச் சோதனை எலியாக இருந்தார்.

ரிவ்யூ படிக்கும்போது இதையும் கவனியுங்கள். அவர் எந்தக் கருவியில் விளையாடினார்? உங்களிடம் இருப்பது அதுவா? இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பத்து ரிவ்யூ படித்தும் பயனில்லை.

தனியாளாக விளையாடும் கேமுக்கு ஆறு மாதம் காத்திருப்பதில் நஷ்டமே கிடையாது என்பது என் கருத்து. பலர் சேர்ந்து ஆன்லைனில் ஆடும் கேம் வேறு ரகம். கூட்டம் இருக்கும்போதுதான் அதில் சுவாரசியம், ஒரு வருஷம் கழித்துப் போனால் ஆளே இருக்க மாட்டார்கள். அதற்காக முதல் நாளே பாய வேண்டியதில்லை. சோனியின் கான்கார்ட் என்ற ஆன்லைன் கேம் 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்து செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டது. இரண்டே வாரம். காசைத் திருப்பித் தந்தார்கள், ஆனால் எல்லா நிறுவனமும் அப்படித் தரும் என்று நம்பிவிட முடியாது. ஓரிரு வாரம் கூட்டம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கலாம்.

அப்புறம் தள்ளுபடியில் கேம் வாங்குபவர்கள் செய்யும் ஒரு தவறு. ஸ்டீம் என்ற கம்ப்யூட்டர் கேம் ஆன்லைன் கடையில் வாங்கிய கேம் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம்: வாங்கி 14 நாளுக்குள் இருக்க வேண்டும், விளையாடிய நேரம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். தள்ளுபடி நேரத்தில் ஐந்தாறு கேமை அள்ளிப்போட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து ஒன்றைத் திறந்து பார்த்தால் நம் கம்ப்யூட்டரில் ஓடவே ஓடாது. கெடு தாண்டியிருக்கும். வாங்கிய அன்றே இறக்கி ஒரு அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். குறைந்தபட்சத் தேவை என்று போட்டிருக்கும் பட்டியலை நம்பி வாங்கினால் கேம் திறக்கும், அவ்வளவுதான். ரசித்து விளையாட வேண்டுமானால் அதன் பக்கத்தில் இருக்கும் பரிந்துரைக்கப்பட்ட பட்டியலைப் பாருங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்

கேட்ஜெட் விஷயத்தில் ஆர்வத்தைத் தூண்டுவது பெரும்பாலும் எண்கள். அவை பொய்யாகவும் இருக்காது. ஆனால் நாம் நினைக்கிற அர்த்தத்தில் இருக்காது.

ஒரு பவர் பேங்கைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பெரிதாக 10,000 எம்ஏஎச். பின்பக்கம் பொடி எழுத்தில் வேறொரு எண் இருக்கும், 6,000 சொச்சம். அதுதான் உண்மையில் போனுக்குப் போய்ச் சேரும் அளவு. உள்ளே இருக்கும் பேட்டரி 3.7 வோல்ட்டில் வேலை செய்கிறது, அந்தக் கணக்கில்தான் 10,000. அதாவது 37 வாட் ஹவர் ஆற்றல். கேபிள் வழியாக வெளியே வருவது 5 வோல்ட். அதே 37 வாட் ஹவரை 5 ஆல் வகுத்தால் 7,400 எம்ஏஎச். மின்னழுத்தத்தை மாற்றும்போது சூடாக வீணாவது போக, பின்பக்கத்துப் பொடி எழுத்து மிஞ்சும். 5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை ஏற்றலாம் என்று கணக்குப் போட்டு வாங்கியவருக்கு, ஒரு முறையும் கொஞ்சமும்தான் கிடைக்கும். இது ஏமாற்று இல்லை, ஆனால் பொடி எழுத்தைப் படிக்காதவர் ஏமாந்துபோவார்.

கேமராவும் அப்படித்தான். 50 மெகாபிக்சல் என்று போட்டிருக்கும் பல போன்கள் சாதாரணமாக எடுப்பது 12.5 மெகாபிக்சல் படம்தான், நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துவிடும். வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் நன்றாக வருவதற்கான ஏற்பாடு அது, நல்ல விஷயம்தான். அந்த எண்ணை வைத்து இரண்டு போனை ஒப்பிடுவதுதான் தவறு. 128 ஜிபி கருவி கம்ப்யூட்டரில் 119 ஆகத் தெரிவதற்குக் காரணம், தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

யூஎஸ்பி-சி கேபிளைப் பற்றி எழுதினால் அதுவே தனிக் கட்டுரை ஆகிவிடும். முனை ஒரே மாதிரி இருப்பதால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறோம். ஒன்று நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தைத் தாண்டாது, இன்னொன்று அதைப்போல் பல மடங்கு. ஒன்று 60 வாட் தாங்கும், இன்னொன்று 240 வாட். லேப்டாப் சரியாகச் சார்ஜ் ஏறவில்லை என்று சார்ஜரை மாற்றுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

நம்ப முடியாத விலையில் பெரிய கொள்ளளவு மெமரி கார்டு கிடைத்தால் மட்டும் உண்மையிலேயே பயப்படுங்கள். போலிக் கார்டுகளில் உள்ளே இருக்கும் சிப் தன் அளவைப் பொய்யாகச் சொல்லும். படங்களை ஏற்றினால் பெயர்கள் வரிசையாகத் தெரியும், எல்லாம் ஏறிவிட்டது போலவே இருக்கும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு போட்டவை எங்கும் பதிவாகியிருக்காது, அல்லது பழையவற்றின் மேலேயே எழுதப்பட்டிருக்கும். திறந்து பார்க்கும்போதுதான் தெரியும். கார்டை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துப் பார்க்க எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பல மணி நேரம் ஆகும், ஆனால் முக்கியமான படங்களைப் போடுவதற்கு முன் செய்துவிட வேண்டிய வேலை.

பழைய மாடல் போனைத் தள்ளுபடியில் வாங்குபவர்கள் தேதியையும் பார்க்க வேண்டும். பிக்சல் 8 முதல் கூகுளும், கேலக்ஸி எஸ்24 முதல் சாம்சங்கும் ஏழு வருஷம் அப்டேட் தருவதாகச் சொல்கின்றன. அந்த ஏழு வருஷம் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது, நீங்கள் பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து இல்லை. மூன்று வருஷம் கழித்து வாங்கினால் மிச்சம் நான்குதான். விலை குறைந்ததில் ஒரு பங்கு அதனால்தான்.

இன்னொரு கேள்வி: இந்த நிறுவனம் நாளைக்கு மூடினால், இந்தப் பொருள் எதற்காவது ஆகுமா? ஹியூமேன் ஏஐ பின் என்று சட்டையில் குத்திக்கொள்ளும் கருவி 2024 ஏப்ரலில் வந்தது. 2025 பிப்ரவரி 28 அன்று சர்வரை நிறுத்தினார்கள். அத்தோடு அது ஒரு வெறும் ப்ரூச். இணையம் வழியாகவே கேம் விளையாட வைத்த கூகுள் ஸ்டேடியா சேவை 2019 நவம்பரில் தொடங்கி 2023 ஜனவரி 18 அன்று முடிந்தது. கூகுள் பெரிய நிறுவனம் என்பதால் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

மலிவுப் புத்தகம்

முதலில் அடித்துக்காட்டிய பழைய விலையை மறந்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் ஒரு விதி இருக்கிறது: தள்ளுபடி என்று சொன்னால், அதற்கு முந்தைய 30 நாளில் இருந்த ஆகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். விலையை ஏற்றிவிட்டு இறக்கிக் காட்டும் வித்தை பரவலாக நடந்ததால்தான் இப்படி ஒரு விதியே வந்தது. அந்த விதி இல்லாத இடங்களில் நாம்தான் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

புத்தகம் மலிவாக இருப்பதற்குப் பல காரணங்கள். விற்காமல் தேங்கியதைப் பதிப்பகம் தள்ளிவிட்டிருக்கலாம். அப்படிப்பட்ட பிரதியின் அடி விளிம்பில் பேனாக் கோடோ புள்ளியோ இருக்கும். உள்ளே ஒரு குறையும் இருக்காது, தாராளமாக வாங்கலாம். பயப்பட வேண்டியது, காப்புரிமை தீர்ந்த பழைய நூல்களை இயந்திரத்தால் ஸ்கேன் செய்து அப்படியே அச்சடித்துவிடும் பதிப்புகளுக்கு. எழுத்து மாறியிருக்கும், படமும் அட்டவணையும் காணாமல் போயிருக்கும், அட்டை மட்டும் அமர்க்களமாக இருக்கும். நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து ஒரு பத்தி படித்துவிடுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயரைத் தேடுங்கள். பெயரே இல்லாவிட்டால் வைத்துவிட்டு நகரலாம். சுருக்கப்பட்ட பதிப்பு என்பதை ஏனோ எல்லாரும் மிகச் சின்னதாகத்தான் அச்சடிக்கிறார்கள். எப்படியும், காப்புரிமை தீர்ந்த நூல் என்றால் 1971இல் தொடங்கிய புராஜெக்ட் கூட்டன்பர்க் என்ற மின்னூல் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

படிக்காத புத்தகம் வீட்டில் குவிவதை நான் தவறாகவே நினைக்கவில்லை. எப்போதாவது ஒரு மழைநாளில் கைக்கு வரும். அதைச் சேமிப்பு என்று சொல்லிக்கொள்வது மட்டும் வேண்டாம்.

வாங்கியது உங்களுடையதா?

2009 ஜூலையில் சிலர் அமேசானின் மின்னூல் கருவியான தங்கள் கிண்டிலைத் திறந்தபோது, காசு கொடுத்து வாங்கிய ஆர்வெல்லின் '1984' அதில் இல்லை. விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும் அமேசான் தொலைவிலிருந்தே அழித்துவிட்டது, பணத்தைத் திருப்பித் தந்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கே வாங்கிய புத்தகங்கள் எல்லாம் மறைந்தன. யூபிசாஃப்டின் தி குரூ என்ற கார் பந்தய கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று நின்றதும், கடையில் டிஸ்க் வாங்கியவர்களால்கூட விளையாட முடியவில்லை.

அதாவது நாம் வாங்குவது பெரும்பாலும் பயன்படுத்தும் அனுமதி. இதை விற்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் சட்டமே இருக்கிறது. ஒரு முறை பார்க்கும் படத்துக்கு அனுமதி போதும். திரும்பத் திரும்பப் படிக்கிற, விளையாடுகிற ஒன்று என்றால் காகிதப் பிரதியோ, நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாத கோப்போ வாங்கி, ஒரு நகலைத் தனியாக எடுத்து வையுங்கள். டிஸ்க் வாங்கினாலும் பெட்டியின் பின்புறம் 'இணைய இணைப்பு தேவை' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக சினிமா

விமர்சனங்களைத் தொகுத்துக் காட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 95 சதவீதம் என்றால் படத்துக்கு 100க்கு 95 மார்க் என்று பலர் நினைக்கிறார்கள். 100 விமர்சகர்களில் 95 பேர் 'பரவாயில்லை' என்ற அளவுக்காவது சொன்னார்கள் என்றுதான் அர்த்தம். எல்லாரும் சுமாராக ரசித்த படம் அங்கே 95 வாங்கும், பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி மீதிப் பேர் திட்டிய படம் 50 வாங்கும். எனக்கு இரண்டாவது வகைப் படங்கள்தான் அதிகம் பிடிக்கின்றன.

புது டிவி வாங்கி, ஆசையாகப் படம் போட்டால் ஏதோ மெகா சீரியல் மாதிரித் தெரிகிறதா? சினிமா வழக்கமாக நொடிக்கு 24 பிரேம். டிவி நடுவில் தானே கற்பனை செய்த பிரேம்களைச் செருகுகிறது. செட்டிங்கில் அசைவைச் சீராக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், அல்லது படத்தை எடுத்தபடியே காட்டும் ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போடுங்கள்.

பிடித்த படத்தை நண்பருக்குச் சொல்லும்போதும் ஆர்வக்கோளாறு எட்டிப்பார்க்கும். கதையைச் சொல்லக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். 'கடைசியில ஒரு திருப்பம் இருக்கு பாரு' என்று சொல்வதும் கதையைச் சொல்வதுதான், அவர் முதல் காட்சியிலிருந்தே அதைத் தேட ஆரம்பித்துவிடுவார். 'வாழ்க்கையில இப்படி ஒரு படம் பார்த்திருக்க மாட்டே' என்று ஏற்றிவிட்டால் எந்தப் படமும் அந்த உயரத்தை எட்டாது. படம் எவ்வளவு நேரம், மெதுவாகப் போகுமா, குழந்தைகளோடு பார்க்கலாமா, இவ்வளவு சொன்னால் அவருக்குப் போதும். பார்த்துவிட்டு வந்ததும் விடிய விடியப் பேசலாம்.